உயரத்திலிருந்து தெரியாதது

கலிபோர்னியாவில், லாங் பீச்சை ஒட்டி இருக்கிறது லேக்வுட். பீன்ஸ் வயலாகக் கிடந்த 3,500 ஏக்கர் நிலத்தில் 1950க்கும் 1953க்கும் இடையில் 17,500 வீடுகள் எழும்பின. வேலை உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் நூறு வீடுகள் வரை தொடங்கப்பட்டன. மனை 50 அடிக்கு 100 அடி. வீடு சுமார் 1,100 சதுர அடி.

கட்டியவர்களே பணம் கொடுத்து வில்லியம் கார்னெட்டை விமானத்திலிருந்து படம் எடுக்கச் சொன்னார்கள். அஸ்திவாரக் குழிகள், மரச் சட்டங்கள், கூரைகள் என்று அடுத்தடுத்த படங்கள். அவர்களுக்கு அவை சாதனையின் ஆவணம். 1964இல் பீட்டர் பிளேக் தன் நூலில் கார்னெட்டின் படங்களைச் சேர்த்தபோது, அமெரிக்க நிலம் பாழானதற்கு அவை சாட்சியமாயின. பெருமைக்கும் அருவருப்புக்கும் ஒரே உயரம் போதுமாக இருந்தது. அந்த உயரத்திலிருந்து மனிதர்கள் தெரிவதில்லை என்பது இரு தரப்புக்கும் சௌகரியம்.

எழுதுகிறவர்களாகிய நாம் இயல்பாகவே பிளேக்கின் பக்கம் சாய்வோம். ஒரே அச்சில் வார்த்த வாழ்க்கை என்றதும் நமக்கு ஒரு முகச்சுளிப்பு. இந்த முகச்சுளிப்பைத் தார்மீகக் கோபம் என்று எண்ணிக்கொள்வதைத்தான் நான் சந்தேகிக்கிறேன். யுத்தத்திலிருந்து திரும்பியவன் 1944ஆம் வருஷத்துச் சட்டத்தின் உதவியால் முன்பணமில்லாமல் அங்கே வீடு வாங்க முடிந்தது. பக்கத்தில் டக்ளஸ் விமானத் தொழிற்சாலையில் வேலை. விமர்சகன் வரிசையைப் பார்த்தான். அவன் ஒரு வீட்டில் வாழ்ந்தான். அந்த ஊரிலேயே வளர்ந்து, அந்த நகராட்சியிலேயே வேலை பார்த்த டி. ஜே. வால்டி 1996இல் வெளியிட்ட புத்தகம் தரையிலிருந்து எழுதப்பட்டது. கூரைகள் ஒன்றுபோல் இருப்பதால் துக்கங்களும் ஒன்றுபோல் ஆகிவிடுவதில்லை என்பது அதைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

லேக்வுட்டின் குற்றம் எந்தப் படத்திலும் விழவில்லை. கறுப்பர்களுக்கு அங்கே வீடு விற்கப்படவில்லை. நிறம் பார்த்து விலக்கும் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாதென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1948இலேயே தீர்ப்பளித்திருந்தது. நிபந்தனை செய்துவந்த வேலையை அதன்பின் விற்பனையாளர்கள் செய்தார்கள். கூரைகளின் ஒற்றுமையைப் பழித்தவர்களில் எத்தனை பேர் அவற்றின் கீழிருந்த முகங்களின் ஒற்றுமையைப் பற்றிக் கேட்டார்கள்?

1954இல், லாங் பீச் தன்னை விழுங்கிவிடாமலிருக்க, லேக்வுட் தனி நகரமானது. போலீஸ் முதலான சேவைகளைக் கவுன்டியிடமிருந்து ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொண்டது. இம்முறையைப் பின்பற்றிப் பல நகரங்கள் பிறந்தன. தம் வரிப்பணம் ஏழைகளிடம் போய்ச் சேராதபடி எல்லை போட்டுக்கொள்ள இது வழிசெய்தது என்று கேரி மில்லர் 1981இல் வாதிட்டார். நாம் தேர்ந்தெடுக்காத அந்நியனோடு பிணைக்கப்பட்டிருப்பதுதான் நகரம் என்று நான் நினைக்கிறேன். இங்கே அந்தப் பிணைப்பே கழற்றி வைக்கக்கூடியதாகிவிட்டது.

என் கேள்வி இது: இந்த விதிகள் எதையும் எழுதாத, நல்லெண்ணத்தோடு குடிவந்த அந்தத் தொழிலாளிக்கு இதில் பங்கு உண்டா? குற்றம் இல்லை, கடன் உண்டு என்பது என் பதில். இன்று அங்கே லத்தீன் அமெரிக்க, ஆசிய, கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். ஆனால் கதவு திறந்ததால் கணக்குத் தீர்ந்துவிடவில்லை. உள்ளே இருந்தவனின் வீடு காலப்போக்கில் சொத்தாக வளர்ந்தது. அதே வருஷங்களில் வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அந்தச் சொத்து சேரவில்லை. அவனுடைய பேரன் இன்றைய விலை கொடுத்துத்தான் உள்ளே வரவேண்டும். கடனை அடைக்கும் வழியைச் சட்டம் தேடட்டும். கடன் இருப்பதை அறிந்திருப்பது வீட்டுக்குள் இருப்பவனின் பொறுப்பு. கூரைகளைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் எழுத்து அந்த அறிவை அவனுக்குத் தராது.