யார் கணக்கில் எழுதுவது?

லாஸ் வேகாஸில் காலையிலிருந்து நள்ளிரவு வரை சுற்றினோம், நானும் என் மனைவியும். ஒரு சென்ட்கூட வைத்து ஆடவில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம், வில்லங்கமே இந்தப் பெருமையில்தான் ஆரம்பித்தது.

சீட்டையும் சக்கரத்தையும் தொடாமலே அந்த ஊரில் ஒரு நாளை ஜாலியாக ஓட்டிவிடலாம். ‘ஸ்ட்ரிப்’ என்று சுமார் 7 கிலோமீட்டருக்கு ஒரு சாலை. இரண்டு பக்கமும் காசினோ ஓட்டல்கள். ஓர் ஓட்டலில் ஈஃபில் டவர் நிற்கிறது, அசலில் பாதி உயரத்துக்கு. இன்னொன்றுக்குள் வெனிஸ் நகரக் கால்வாய் ஓடுகிறது. படகோட்டி பாடிக்கொண்டே துடுப்புப் போடுகிறார். தலைக்கு மேலே நீல வானம், வெள்ளை மேகம்... எல்லாம் கூரையில் அடித்த பெயின்ட்! வெளியே நெவாடா பாலைவனம் கொதிக்கிறது. உள்ளே எந்நேரமும் இதமான சாயங்காலம். படகில் ஏறத்தான் காசு. வேடிக்கை பார்க்க? இலவசம்.

எங்கள் ஓட்டலில் ஒரு விசேஷம். லிஃப்டிலிருந்து வாசலுக்கு, வாசலிலிருந்து சாப்பாட்டுக்கு, எங்கே போவதானாலும் சூதாட்டக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜன்னல் கிடையாது. கடிகாரமும் கண்ணில் படவில்லை. காலை 9 மணிக்கு அதைக் கடந்தபோது, எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி ஸ்லாட் மெஷின் முன்னால் உட்கார்ந்து பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தார். சாயங்காலம் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செருப்பு மாட்டத் திரும்பினோம். அதே நாற்காலி, அதே பாட்டி, அதே பட்டன்.

ராத்திரி பெலாஜியோ ஓட்டல் வாசலில் நீரூற்று பார்த்தோம். 1998-ல் திறந்த ஓட்டல் அது. வாசலில் ஒரு செயற்கை ஏரி, அதில் 1,200-க்கும் மேற்பட்ட குழாய்கள். பாட்டுக்குத் தகுந்தபடி தண்ணீர் குழைகிறது, சுழல்கிறது, திடீரென்று வெடி போட்ட மாதிரி ஆகாயத்துக்குப் பாய்கிறது. டிக்கெட் கிடையாது. கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன்.

“பாத்தியா, இவங்களையே ஏமாத்திட்டோம்! எல்லாத்தையும் ஓசியிலேயே பாத்துட்டோம்” என்றேன்.

“ஓசியா? அந்தப் பாட்டி குடுத்த காசுங்க இது” என்றாள்.

சுருக்கென்றது. நான் பி.காம். ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு இருந்தே தீரும் என்று மூன்று வருஷம் படித்தவன். ‘இலவசம்’ என்று தனியாக ஒரு பதிவு எந்தப் பேரேட்டிலும் கிடையாது. யாரோ ஒருவர் கணக்கில் அது எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

உதாரணமாக ரூலெட். அமெரிக்கச் சக்கரத்தில் பொதுவாக 38 கட்டங்கள். எல்லாவற்றிலும் ஆளுக்கொரு டாலர் வைத்தால் 38 டாலர். ஜெயித்த கட்டத்துக்குப் போட்ட டாலரையும் சேர்த்து 36 கிடைக்கும். மீதி 2 டாலர் ஓட்டலுக்கு. அதாவது நூற்றுக்கு 5 டாலர் 26 சென்ட். யாரும் பித்தலாட்டம் செய்யவில்லை. செய்யத் தேவையே இல்லை. ஆடிக்கொண்டே இருந்தால் போதும், கணக்கு பார்த்துக்கொள்ளும்.

விடுவேனா? வாதாடிப் பார்த்தேன். ஸ்ட்ரிப்பின் பெரிய ஓட்டல்களுக்கு இன்று சூதாட்டத்தைவிட அறை, சாப்பாடு, ஷோ இவற்றில்தான் வருமானம் அதிகம். “நாமளும்தானே ரூமுக்குக் காசு குடுத்திருக்கோம்?”

“அப்ப சூதாட்டத்தை எடுத்துட்டு வெறும் ஓட்டலா நடத்தச் சொல்லுங்க, பாப்போம்.”

பதில் இல்லை.

நீங்கள் கேட்கலாம்: ‘பாட்டியை யாராவது கட்டிப் போட்டார்களா? அவர் பணம், அவர் இஷ்டம்.’ நியாயம்தான். நெவாடாவில் சூதாட்டம் 1931-லிருந்தே சட்டப்படி சரி. ஆனால், அது பாட்டி கணக்குக்குச் சொல்லும் பதில். நம் கணக்குக்கு? ‘நான் ஆடவில்லை’ என்பதும் ‘எனக்கு இதில் பங்கில்லை’ என்பதும் ஒன்றா? பாரதத்தில் பகடையை உருட்டியவர்கள் இரண்டு பேர். சபையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் யாரும் உருட்டவில்லை. அதனால் அவர்களை நாம் விட்டுவிட்டோமா என்ன?

வேகாஸ் வரை போவானேன்? தமிழ்நாட்டில் 2003-ம் வருஷத் தொடக்கத்தில் லாட்டரியை ஒழித்தார்கள். நல்ல காரியம். அதே வருஷக் கடைசியில் மதுக்கடைகளை அரசே எடுத்து நடத்த ஆரம்பித்தது. ஒரு சொட்டுகூடத் தொடாத நீங்களும் நானும் போகிற சாலையில், ஏறுகிற பாலத்தில், வாங்குகிற இலவசத்தில் அந்தக் கல்லாப்பெட்டிக் காசும் கலந்திருக்கிறது. தெருவோரம் விழுந்து கிடப்பவரைப் பார்த்து ‘சீ!’ என்று ஒதுங்கிப் போகிறோமே... கொஞ்சம் யோசித்தால், நமக்காகவும் சேர்த்துச் செலவு செய்தவர் அவர்.

இதற்கெல்லாம் என்னிடம் பரிகாரம் இல்லை. நீரூற்றைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டால் பாட்டியின் பணம் திரும்பி வராது. பாலத்தில் ஏற மாட்டேன் என்று நாம் ஆற்றில் இறங்கப் போவதும் இல்லை. ஆனால், ஒன்று செய்யலாம். அந்தப் பெருமையைக் கழற்றி வைக்கலாம். கையில் கறை படவில்லை என்பது வேறு, கணக்கு நேராகிவிட்டது என்பது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்தவர், தோற்றவரைப் பார்த்து அவ்வளவு சுலபத்தில் முகம் சுளிக்க மாட்டார். கடையை மூடலாமா என்று பேச்சு வரும்போது, ‘எனக்கென்ன?’ என்று நகரவும் மாட்டார்.

நள்ளிரவில் அறைக்குத் திரும்பும்போது பாட்டி இன்னும் அங்கேயே இருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். கை மட்டும் பட்டனை விடவில்லை.

“தேங்க்ஸ் சொல்லணும்னா இவங்களுக்குத்தாங்க சொல்லணும்” என்றாள் என் மனைவி.

சொல்லவில்லை. லிஃப்ட் வந்துவிட்டது.