பொதுவில் எழுதுவோர் கடமை

ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராய்ப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த 'அபிதான சிந்தாமணி' 1910இல் வெளிவந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட 'கலைக்களஞ்சியம்' 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக மலர்ந்தது. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவிலோ விரும்பும் எவரும் எழுதலாம். பிறர் எழுதியதைத் திருத்தவும் செய்யலாம். அன்று அறிஞர்கள் சுமந்த பொறுப்பு இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் வந்து சேர்ந்துள்ளது. உரிமை வந்துவிட்டது, அதனோடு வரவேண்டிய கடமை யாது?

நம் கோலார் தங்கவயலைப் பற்றி இளைஞர் ஒருவர் எழுத அமர்கிறார் என்று கொள்வோம். 'உலகிலேயே ஆழமான தங்கச் சுரங்கம் எங்களுடையது' என்று அவர் நெஞ்சம் எழுதத் துடிக்கும். ஆயினும் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்கள் இதனினும் ஆழமானவை. 'சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது; 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து இங்கு மின்சாரம் வந்தது; 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன' என்று எழுதினால் போதும். ஊர்ப்பெருமை அதனால் குறைந்துவிடாது. மிகைச்சொல் ஒன்று புகுமாயின், படிப்பவர் அதனருகே உள்ள மெய்யையும் ஐயுறுவார். எனவே அடைமொழியைக் குறைப்பதும், ஒவ்வொரு செய்திக்கும் சான்று காட்டுவதும் வெறும் விதிகள் அல்ல; முகமறியா வாசகருக்கு நாம் செலுத்தும் மரியாதை அவை.

ஆயின், இங்கே ஓர் அறச்சிக்கல் எழுகின்றது. சான்று என்பது பெரும்பாலும் எழுதப்பட்டது. 1880இல் இங்கு வந்த ஜான் டெய்லர் நிறுவனம் கணக்குகளையும் அறிக்கைகளையும் எழுதி வைத்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து பாறை குடைந்த நம் முன்னோருள் எழுதி வைத்தவர் எத்துணைப் பேர்? 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அந்த நாள்களில் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எவ்வாறு எரிந்தது என்பதை எந்த அறிக்கை கூறும்? பாறைத்தூசியால் நுரையீரல் பழுதுற்று இருமி மாய்ந்தோரின் துயரை எந்தக் கணக்கேடு கூறும்? சான்றில்லாதவை பொய்யாகிவிடுமா?

ஆகா. எனினும், மெய் என்று நான் அறிவது வேறு. பிறர் சரிபார்க்குமாறு அதனை அளிப்பது வேறு. பாட்டனார் சொன்ன கதையை நேராகக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் புகுத்துவோமாயின், நாளை வேறொருவர் தம் கற்பனையைப் புகுத்துவதை எம்முறையில் தடுப்போம்? ஆகவே அந்நினைவுகளை முதலில் உரிய இடத்தில் எழுதுக. முதியோரிடம் சென்று, சொன்னவர் யார், எந்நாள், எவ்விடம் என்று குறித்துக்கொள்க. சங்க மலர்களிலும் நூல்களிலும் அவை அச்சேறட்டும். பின்னர், ஆய்வோர் அவற்றை ஒப்புநோக்கி எழுதுவர். கலைக்களஞ்சியமும் அவற்றைச் சுட்டிக்காட்டும். நீண்ட வழிதான், ஆயினும் நேர்வழி அதுவே.

புதிதாக எழுத வருவோர் முதலில் சிறு பிழைகளைத் திருத்திப் பழகுதல் நன்று. 'மணல்தொட்டி' என்னும் பயிற்சிப் பக்கம் அங்கே உண்டு. பிறர் எழுத்தைப் படியெடுத்தல் கூடாது. தம்மைப் பற்றியும் தம் உறவினரைப் பற்றியும் எழுதாமை சிறப்பு. எழுதியதை ஒருவர் மாற்றினால் சினம் வேண்டா. உரையாடல் பக்கத்தில் காரணம் வினவுக. முந்தைய வடிவங்கள் யாவும் வரலாற்றுப் பக்கத்தில் உள்ளன; எதுவும் தொலைந்துபோவதில்லை.

ஒரு டன் பாறையை நொறுக்கிச் சில கிராம் தங்கம் எடுத்த ஊர் இது. எஞ்சிய மண்மேடுகள் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன. சொல்லையும் அவ்வாறே அரைத்துச் சலித்துத் தருவோம். அதன்மேல் நம் பெயர் இல்லாவிடினும் குறையில்லை. தங்கத்தின்மேல் அதனை எடுத்தவன் பெயர் என்றும் இருந்ததில்லை அன்றோ!