நோவும் ஓர் அருட்கொடையோ?

காலிலே முள் தைத்துவிட்டால் 'யா அல்லாஹ்' என்று துடித்துப் போகிறோம். விசுவாசியைத் தீண்டுகின்ற துன்பம் எதுவாயினும், அது ஒரு முள் தைப்பதாகவே இருப்பினும், அதனைக் கொண்டு அவனுடைய பிழைகள் பொறுக்கப்படுகின்றன என்னும் கருத்தில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆறுதல் மொழிந்துள்ளார்கள். ஆனால், முள் தைத்ததே தெரியாத ஒரு கால் இருக்குமானால் அதன் நிலை என்ன? இந்தக் கேள்வியோடு வாழ்நாளைக் கழித்த மருத்துவர் ஒருவரை ஈண்டு நினைவுகூர விரும்புகிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் 1914ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில், ஆங்கிலேய மிஷனரிப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையார் அம்மலையிலேயே 1929இல் காய்ச்சலுக்குப் பலியானார். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்ற மகன் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரி விளங்கும் அதே வேலூர்தான். 2003இல் அமெரிக்காவில் அவர் காலமானார். மார்க்கத்தால் அவர் நம்மவர் அல்லர். அவர் செய்த நன்மையை நன்மையென்று சொல்ல அது நமக்குத் தடையாகாது.

தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்றே அக்காலத்தில் மக்கள் நம்பினர். மருத்துவரிலும் பலர் அவ்வாறே கருதினர். பிராண்ட் கண்டது வேறு. நோய் நரம்பை மரத்துப் போகச் செய்கிறது; எஞ்சிய கேட்டில் பெரும்பகுதியை நோயாளியே, தாம் அறியாமல், தமக்குச் செய்துகொள்கிறார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகிறார். செருப்பினுள் ஆணி துருத்திக்கொண்டிருப்பது தெரியாமல் நாள் முழுதும் நடக்கிறார். சிலருக்கு இரவு படுத்து எழும்போது விரலில் ஒரு பகுதி காணாமற் போயிருந்தது. காவலிருந்து பார்த்தபோது எலி கடித்துத் தின்பது தெரியவந்தது! அதன் பின்னர், வீடு திரும்பும் நோயாளியிடம் பூனை ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள்.

காற்புண்ணைப் பற்றி அவர் கண்டது இன்னும் நுட்பமானது. நெடுந்தூரம் நடக்கையில் நமக்கு உள்ளங்கால் கனன்று நோகிறது. நாம் அறியாமலே நடையைச் சிறிது மாற்றி, பாரத்தை வேறு பக்கம் சாய்க்கிறோம். மரத்த காலுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. முதல் அடி விழுந்த அதே இடத்தில் பத்தாயிரமாவது அடியும் விழுகிறது. தோலுக்கு உள்ளே சதை நைந்து புண்ணாகிறது. அந்தக் காலை மாவுக்கட்டில் வைத்து ஓய்வு கொடுத்தாலோ, பிறருடைய புண்ணைப் போலவே அதுவும் ஆறுகிறது. ஆகவே, அறுவைக் கத்தி பிடித்தவர் செருப்பைப் பற்றியும் கவலைப்படலானார். மென்மையான நுண்துளை ரப்பரில், பாரம் பாதம் முழுதும் பரவும்படியான மிதியடிகள் வேலூரிலும் அதனை அடுத்த கரிகிரியிலும் செய்யப்பட்டன.

1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், நீரிழிவால் கால் மரத்தவர்க்கும் இதே உண்மை பொருந்துவதை அவர் எடுத்துக் காட்டினார். இது நம் வீட்டுச் செய்தி. ஐவேளையும் உளூச் செய்கையில் கால் கழுவுகிறோம், விரலிடுக்குகளைக் கோதிவிடுகிறோம். அவ்வேளையில் உள்ளங்காலைத் திருப்பி ஒருமுறை கண்ணால் பார்ப்பவர் எத்தனை பேர்? சுபுஹு வேளையின் குளிருக்கு வெந்நீர் ஊற்றிக்கொள்ளும் சர்க்கரை நோயாளியின் காலுக்குச் சூடு தெரியாமல் போகலாம். முழங்கையால் பார்த்துக்கொள்வது நலம்.

கார்வில்லில் அவர் முயன்று தோற்றது ஒன்றுண்டு. இழந்த வலிக்கு ஈடாகக் கையுறையிலும் காலுறையிலும் அழுத்தத்தை உணரும் சிறு கருவிகளைப் பொருத்தி, அளவு மீறினால் ஒலி எழும்படி செய்தனர். நோயாளிகள் ஒலியைக் கேட்டும் கைவேலையை நிறுத்தவில்லை. மின் அதிர்ச்சி தரும்படி மாற்றினர். அதிர்ச்சி வருமென்று தெரிந்த வேலை வந்தால், கருவியை நிறுத்திவிட்டு, வேலையை முடித்து, மீண்டும் முடுக்கிக்கொண்டனர்! விரும்பியபடி நிறுத்தக்கூடிய எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று எனக் கண்டு, பல ஆண்டு முயற்சியைக் கைவிட்டனர்.

இதை அறிந்தபோது, திருமறையின் 'கியாமத்' அத்தியாயத் தொடக்கத்தில் அல்லாஹ் சத்தியமிட்டுக் குறிப்பிடும் 'நஃப்ஸுல் லவ்வாமா', தன்னைத் தானே நிந்திக்கும் ஆன்மா, என் நினைவுக்கு வந்தது. வட்டிப் பணத்தை எண்ணும்போதும், பங்காளியின் நிலத்தில் வேலியை ஒரு முழம் தள்ளி நடும்போதும் உள்ளே ஒன்று குத்துகிறது. அதையும் நிறுத்தி வைத்துவிட்டுக் காரியத்தை முடித்துக்கொள்ளத்தான் பார்க்கிறோம். சில முறை அவ்வாறு செய்தால் குத்தலே நின்றுபோகிறது.

விசுவாசிகள் ஓர் உடல் போன்றோர், ஓர் உறுப்பு நொந்தால் உடல் முழுதும் உறக்கமின்றிக் காய்ச்சலுறும் என்ற நபிமொழி உவமையைப் பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பிராண்டின் நோயாளிகள் தம் மரத்த கைகால்களை யாருடையதோ ஒரு பொருளைப் போல் நடத்தினர் என்று அறிந்த பின்னரே அதன் மறுபக்கம் எனக்கு விளங்கியது. நோவு தெரியாத உறுப்பு, ஒட்டியிருக்கும்போதே உடலுக்கு அந்நியமாகிவிடுகிறது. அடுத்த தெருவில் குமர் காரியத்துக்கு வழியின்றி ஒரு தந்தை தவித்திருக்க, நாம் வலீமா விருந்தின் சுவையைப் பேசிக்கொண்டு வீடு திரும்புகிறோம் அன்றோ?

எனினும், 'வலி நல்லது' என்று எளிதாகக் கூற நான் துணியேன். புற்றுநோயால் இரவெல்லாம் அரற்றும் தாயின் கட்டிலருகே நின்று அவ்வாறு சொல்பவன் மூடன். செய்தியைச் சொல்லி முடித்த பின்னும் போகாத வலி உண்டு. அதனைத் தணிப்பது கடமை. பிராண்டும் மருத்துவர்தாமே! இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பொறுமையையும் நன்றியையும் ஒரே பகுதியில் இணைத்துப் பேசியிருக்கிறார்கள். வலியின்போது வேண்டுவது பொறுமை. வலியை உணரும் ஆற்றலுக்கு வேண்டுவது நன்றி என்று நான் பிரித்துப் பார்க்கிறேன்.

அந்த நன்றியைப் பிராண்ட் ஓர் இரவில் கற்றார். 1950களின் தொடக்கத்தில் நெடும் பயணம் முடிந்து, இலண்டனில் ஓர் அறையில் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சி இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தார். இரத்தம் வந்தது, வலி வரவில்லை. தொழுநோய் தம்மையும் பற்றிவிட்டது என்றே முடிவு செய்து, மனைவி மக்களைப் பிரிந்து வாழ்வதை எண்ணியபடி உறங்காமல் கிடந்தார். பொழுது விடிந்ததும் மீண்டும் ஊசியை எடுத்துக் குதிகாலில் குத்தினார். வலித்தது. இரயிலில் நெடுநேரம் அசையாமல் இருந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவே. வலியில் கூவியபடியே அவர் இறைவனைப் புகழ்ந்தார்.