மையித்தின் கண்ணியமும் மருத்துவரின் கண்ணாடிச் சில்லும்

மறதி நோயாலும் நடுக்குவாதத்தாலும் முதியோர் வாடும் வீடுகள் நம்மிடையே பல உள. அந்நோய்களைக் குறித்து மருத்துவ உலகம் பெற்றுள்ள அடிப்படையான அறிவு, இறந்தோரின் மூளையிலிருந்து சீவி எடுத்த மெல்லிய துண்டுகள் தந்த அறிவாகும். மையித்தின் மேல் ஊற்றும் நீரின் சூட்டைக்கூடத் தொட்டுப் பார்த்து ஊற்றுகின்ற நாம் இதனை எவ்வாறு நோக்குவது?

முதலில் செய்முறையை அறிந்துகொள்வோம். ஃபார்மலினில் ஊறிய மூளைத் திசுவை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூற்றில் ஒரு பங்குத் தடிப்பில் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவர். அதன்மேல் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளை இடுவர். தனக்குரிய புரதத்தைத் தேடிப் பற்றிக்கொள்வது எதிர்ப்பொருளின் இயல்பு. அதனோடு சாயத்தைப் பிணைத்துவிட்டால், அப்புரதம் எங்குள்ளது என்பது நிறத்தால் தெரிந்துவிடும். 1941இல் ஹார்வர்டில் ஆல்பர்ட் கூன்ஸ் என்பார் தம் தோழர்களுடன் இவ்வழியைத் திறந்தார்.

அதன் பயனுக்கு ஒரு சான்று காண்போம். நடுக்குவாதத்தில் மூளை அணுக்களுக்குள் உருண்டைகள் தோன்றுவதை ஃபிரிட்ஸ் லெவி 1912இல் கண்டெழுதினார். அவை பெரிதும் எதனால் ஆனவை என்பது 85 ஆண்டுகள் விளங்கவில்லை. 1997இல் மரியா கிராட்ஸியா ஸ்பில்லாந்தீனி குழுவினர், ஆல்ஃபா-சைனுக்ளீன் என்னும் புரதத்திற்குரிய எதிர்ப்பொருளை இட்டனர். உருண்டைகள் நிறமேறி நின்றன.

ஆனால் எதிர்ப்பொருளும் பொய்ச்சாட்சி சொல்லும்! ஒட்டக் கூடாத இடத்தில் ஒட்டிக்கொண்டு நிறங்காட்டும். ஆதலின் நோயுற்ற திசுவோடு நலமான மூளையின் திசுவையும் அதே நீர்களில் தோய்த்தெடுத்து ஒப்பிடுவர். நலமுள்ளதும் அவ்வாறே நிறமேறினால் அந்தச் சாட்சியம் செல்லாது. மூளை வங்கிகளில் கிடைத்தற்கரியது இந்த நலமான மூளைதான். நோயாளியின் குடும்பத்தார் கொடுக்க முன்வருவதுண்டு. மாரடைப்பில் மாண்டவரின் மக்களுக்கு அவ்வெண்ணம் ஏன் எழப்போகிறது? இதில் வியப்பொன்றும் உண்டு. வாழ்நாளில் நடுக்கமே அறியாத முதியோர் சிலரின் மூளையிலும் லெவி கண்ட உருண்டைகள் இருந்திருக்கின்றன.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பானது என்ற கருத்தில் நபிமொழி உள்ளது; அதன் கனத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம். ஆயினும், இறந்த தாயின் வயிற்றில் உயிருள்ள குழந்தை இருந்தால் வயிற்றைக் கீறி எடுக்கலாம் என ஷாபிஈ, ஹனஃபீ நூல்கள் கூறுகின்றன. அங்கே பயன்பெறுபவர் இன்னாரென்று தெரியும். மூளைத் திசுவாலோ, யாருக்கு, எப்போது பயன் என்பது எவருக்கும் தெரியாது.

கிணறு வெட்டி வக்ஃபு செய்தவர், அதில் குடிப்பவரை அறிந்தா வெட்டினார் என்று கேட்கலாம். நல்ல கேள்விதான், ஆனால் அவர் கொடுத்தது தம் பொருள். உடலோ அல்லாஹ் நம்மிடம் விட்ட அமானத். இந்த வேறுபாட்டை மறைத்துவிட்டு, 'சதக்கத்துல் ஜாரியா' என்று எளிதாகப் பேசிவிடுவது நமக்கு உவப்பில்லை.

1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹுப் பேரவை, நோயறியவும் மருத்துவம் கற்பிக்கவும் பிரேதத்தை அறுக்க இசைந்தது. தேவையளவே அறுக்க வேண்டும், அறுத்த பாகங்கள் அனைத்தையும் அடக்க வேண்டும் என்று நிபந்தனையும் இட்டது. சிக்கல் இங்கேதான் முளைக்கிறது. மூளை வங்கி திசுவை அடக்குவதில்லை, காத்து வைக்கிறது. 1995இல் பெங்களூரு நிம்ஹான்ஸில் அமைந்த வங்கியும் அத்தகையதே. அல்ஸைமர் என்ற மருத்துவர் ஆராய்ந்த அவுகுஸ்டே டேட்டர் என்னும் பெண்மணி 1906இல் இறந்தார். அவருடைய மூளைச் சில்லுகள் 1990களில் மியூனிக்கில் கிடைத்து மீண்டும் ஆராயப்பட்டன. அன்று கேட்கத் தெரியாத கேள்விக்கு அந்தத் திசு விடை தந்ததென்றால், அது அடக்கப்படாமல் இருந்ததே காரணம்.

வாழுங்காலத்தில் ஒருவர் தாமே மனமுவந்து சொல்லிவைத்து, உடலை உரிய கண்ணியத்தோடு அடக்கி, திசுவை மட்டும் ஆய்வுக்கு விட்டால், அது மையித்தை இழிவுபடுத்துவதாகாது என்பதே நம் எண்ணம். அவர் சொல்லாதிருக்க, பிள்ளைகள் தாமாக முடிவெடுப்பதில் நமக்குத் தயக்கமுண்டு. எஞ்சிய திசுவை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம், பின்னர் யார் பொறுப்பேற்று அடக்குவது என்பவற்றை மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டு உலமாப் பெருமக்கள் ஆராய்ந்து சொல்ல வேண்டும். அவர்தம் விளக்கங்களை இவ்விதழிலேயே காண விழைகிறோம்.