இக்கண் எவருடையது?

உயிர் வேறு, உடல் வேறு என்பது நம் இல்லங்களில் சிறுவரும் அறிந்த பாடம். ஆயினும், உயிர் நீங்கிய உடலிலிருந்து கண்ணை எடுத்துப் பிறருக்கு வழங்கலாமா என்னும் வினா எழும்போது, அப்பாடத்தைப் பிறருக்கு ஓதும் நாமே தயங்குகிறோம். இத்தயக்கம் அறத்தின்பாற்பட்டதா, பற்றின்பாற்பட்டதா என்று ஆராய்தல் நன்று.

காஞ்சி நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம். நம் ஜினகாஞ்சியாகிய திருப்பருத்திக்குன்றத்தின் பெயரிலேயே பருத்தி இருக்கிறது. பட்டுப்புழுக்கள் மடிவது கருதிப் பட்டு உடுத்தாதோர் நம்முள் உளர். எனினும் பாவும் ஊடும் அறியாதோர் இவ்வூரில் இல்லை. உயிரியலும் நெசவிடமிருந்து ஒரு சொல்லைக் கடன் பெற்றுள்ளது. பாடநூலில் 'திசு' என்று படிப்பதும், ஜவுளிக்கடையில் 'டிஷ்யூ புடவை' என்று கேட்பதும் ஒரே சொல்லே. 'நெய்யப்பட்டது' என்பது அதன் மூலப்பொருள். பிரெஞ்சு மருத்துவர் பிஷா, நுண்ணோக்கியின் துணையின்றியே உடலின் திசுக்களை 21 வகையாகப் பகுத்து 1801-இல் நூல் வெளியிட்டார். இன்று அவை எபிதீலியத் திசு, இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு என நான்கினுள் அடக்கப்படுகின்றன. தனி இழை ஆடையாகாததுபோல், தனிச் செல் உறுப்பாகாது. ஒரு தொழிலுக்கென ஒன்றுகூடிய செல்களின் கூட்டமே திசு.

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குக் கண்ணின் படத்தை வரைந்து நாம் கற்பித்த ஆண்டுகளில், அவர்கள் பெரிதும் வியந்தது கருவிழியைப் பற்றியே. கார்னியா எனப்படும் இப்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. இதன் மேலடுக்குச் செல்கள் ஏறக்குறைய ஒரு வாரத்தில் புதுப்பிக்கப்படுகின்றன. நடுவே கொலாஜன் இழைகள் நூற்றுக்கணக்கான தளங்களாகக் குறுக்கும் நெடுக்கும் ஒழுங்குற அமைந்துள்ளன. அவ்வொழுங்கே ஒளியை ஊடுருவச் செய்கிறது. உள்ளடுக்கோ ஒற்றை வரிசைச் செல்களால் ஆனது. படலத்தில் நீர் தேங்காமல் அவை ஓயாது வெளியேற்றுகின்றன. அழிந்தால் மீண்டும் பெருகுவதில்லை. கருவிழியில் இரத்தக் குழாய் கிடையாது. கண்ணீரின் வழியே காற்றிலுள்ள ஆக்சிஜனை அது பெறுகிறது.

ஆகவே இதயம் நின்றபின்னும் கருவிழி உடனே மடிவதில்லை. மூளைச் செல்கள் குருதியின்றிச் சில நிமிடங்களே தாங்கும்; கருவிழிச் செல்கள் பல மணி நேரம் தாங்கும். 'நான்' என்று சொல்லிக்கொண்டிருந்தவர் சென்றபின்னும் தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கும் அச்செல்கள் எவருடையவை? சென்றவருடையவை எனில், அவர் அவற்றை உடன்கொண்டு செல்லவில்லை. நம்முடையவை எனில், நாம் அவற்றை நெருப்பிலிடுவதன்றி வேறொன்றும் செய்யப்போவதில்லை. செல்வம், இளமை, யாக்கை ஆகிய மூன்றின் நிலையாமையையும் நாலடியார் தொடக்கத்திலேயே வைத்திருப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

இனி, நம்மவர் எழுப்பும் தடைகளைக் காண்போம். கண்ணைக் கொடுத்தால் மறுபிறவியில் பார்வையின்றிப் பிறப்போம் என்பர் சிலர். எரியூட்டும்போது கண்ணும் எரிகின்றதே. அதற்கு எவரும் அஞ்சுவதில்லையே!

மற்றொரு தடை வலியது. பாத்திரம் அறிந்து ஈதல் நம் மரபு; பெற்றவர் அக்கண்கொண்டு தீங்கிழைத்தால் அப்பாவம் நம்மைச் சேராதா? துறவியர்க்கு உணவளிக்கையில் தகுதி நோக்குதல் முறையே. துன்புற்றோர்க்கு இரங்கி ஈயும்போது துன்பமே தகுதி. ஔடத தானம் செய்வோர், நோய் நீங்கியபின் நீ என்ன செய்வாய் என்று கேட்டு மருந்து கொடுப்பதில்லை. அவரவர் வினை அவரவர்க்கே.

தமக்குப் பயன்படாததைக் கொடுப்பது தானமாகுமா என்றும் கேட்பர். காஞ்சியில் நைந்த பட்டுப்புடவையை எறிந்துவிடுவதில்லை. அதிலுள்ள வெள்ளிச் சரிகைக்காகப் பழஞ்சரிகை வாங்குவோரிடம் கொடுப்பர். அது வாணிகம். கண்ணுக்கோ விலை இல்லை. அதைக் கொடுக்கையில் பற்றை விடுபவர் இறந்தவரல்லர். துயரத்தின் நடுவே இசைவளிக்கும் குடும்பத்தாரே. தானத்தின் அருமை அங்குள்ளது.

இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் தொடங்கப்பெற்றது நம் சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில்தான். ஒருவரின் இரு கருவிழிகளால் இருவர் பார்வை பெறலாம். விழித்திரையோ பார்வை நரம்போ பழுதுபட்டோர்க்கு இது உதவாது. கருவிழி மங்கியோர்க்கே உதவும். மூக்குக்கண்ணாடி அணிந்தோரும், கண்புரை அறுவை செய்துகொண்ட முதியோரும் வழங்கலாம். வெறிநாய்க்கடி நோய், எய்ட்ஸ் முதலியவற்றால் இறந்தோரின் கண்கள் ஏற்கப்படா. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தல் வேண்டும். கண் வங்கியினர் வரும்வரை இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் போதும். அரைமணி நேரத்தில் பணி முடியும், முகம் விகாரமாகாது, ஈமக்கடன் தடைப்படாது.

எழுபதைக் கடந்த நாம் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டோம். அது நிறைவேறுவது நம் கையில் இல்லை. அந்த ஆறு மணி நேரத்தில் அழுதுகொண்டிருக்கும் மக்களின் கையில் இருக்கிறது. அவ்வேளையில் முதன்முறையாக இதைக் கேட்டால் எந்த மகனும் திகைப்பான். ஆண்டுதோறும் ஆகஸ்டு 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசியக் கண்தான இருவாரம் அமைகிறது; தசலட்சண பருவமும் பெரும்பாலும் அதையொட்டியே வருகிறது. உத்தம தியாகம் குறித்த அறவுரை கேட்டு வீடு திரும்பும் அன்று மாலை, முதியோர் தாமே இப்பேச்சைத் தொடங்கித் தம் விருப்பத்தை மக்கள் முன் தெளிவுறச் சொல்வாராக.