பகிர்வும் பொறுப்பும்

பேராதனையின் விடுதிகளிலே குறிப்புகளும் நூல்களும் கைமாறுவது புதிதன்று. பகிர்தலை நாம் அறமெனவே கொள்கின்றோம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகள் அழிந்தன. ஆதலின் படியெடுத்தலை வெறுங் களவென்று தள்ளிவிடல் இயலாது. ஆயினும் பகிர்வெல்லாம் ஒரு தன்மையதோ என்னும் வினா எழுகின்றது.

2001இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிற்ரொரன்ற் முறையில், கோப்பொன்று சிறு துண்டுகளாகிக் கணினிக்குக் கணினி செல்கின்றது. பெறுபவன், பெற்ற துண்டை அப்போதே பிறர்க்கு வழங்கவுஞ் செய்கின்றான். ஆகவே, 'பார்ப்பதற்குத்தானே எடுத்தேன்' என்னும் விடை நில்லாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், இசைவின்றிப் படியெடுத்தலையும் பரப்புதலையும் பொதுவாக உரிமை மீறலெனக் கொள்கின்றது. வேண்டுமென்றே செய்யின் அது குற்றமுமாகும்.

சட்டத்தினும் ஆழமான சிக்கலொன்று உண்டு. கோப்பின் பெயர் ஒன்றாகவும் உள்ளீடு பிறிதாகவும் இருத்தல் கூடும். பாடலெனப் பெயரிட்டதனுள் நச்சுநிரலோ இழிந்த காட்சியோ இருக்கலாம். நாம் திறந்து பாராமுன்னரே அது நம் கணினியினின்று பிறர் இல்லம் புகுந்துவிடுகின்றது. அறியாமை குற்றத்தைக் குறைக்கும் என்பர். ஆனால், அறிய இயலாத வழியைத் தெரிந்தே தேர்ந்தவனுக்கு அவ்வாதம் பொருந்துமா? முழுமையாகப் பொருந்தாது என்பதே எமது கருத்து.

மாற்று வழி நம்மிடமே உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், எழுத்தாளரின் இசைவைப் பெற்று ஈழத்து நூல்களை எவரும் இலவசமாகப் படிக்கச் செய்துள்ளது. கொடுப்பது இன்னதென அறிந்து, உரியவரைக் கேட்டுக் கொடுக்கும் அத்தகைய பகிர்வையே மாணவருலகம் பேணுதல் வேண்டும்.