திரும்பி வந்தது அதுதானா?

கேரளத்துக் கள்ளிக்காட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இரண்டு பெரிய பெருமாள் கோயில்கள் அருகில் இருக்கின்றன. ஒரு பக்கம் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி. மறுபக்கம், பாறசாலையும் களியக்காவிளையும் தாண்டினால், தமிழ்நாட்டுத் திருவட்டாற்று ஆதிகேசவப் பெருமாள். 1956இல் மாநில எல்லை குறுக்கே விழுந்த பிறகும் கும்பிடப் போகிறவர்கள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். திருவட்டாற்றில் 2022 ஜூலை 6ஆம் தேதி, 418 ஆண்டுகள் கழித்துக் குடமுழுக்கு நடந்தது. பத்மநாபசுவாமி கோயிலில் 2025 ஜூன் 8ஆம் தேதி, ஏறத்தாழ 270 ஆண்டுகள் கழித்து நடந்தது.

பத்மநாபசுவாமி கோயில் 1686இல் தீயில் பாழானது. அதை 18ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கட்டியவர் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா. திருப்பணியின்போது மூலவர் திருமேனியும் புதிதாயிற்று. முன்பு இலுப்பை மரத்தில் இருந்தது என்றும், பிறகு நேபாளத்துக் கண்டகி ஆற்றுச் சாளக்கிராமங்கள் 12,000க்கு மேல் சேர்த்துக் கடுசர்க்கரைக் கலவையால் உருவானது என்றும் கோயில் மரபு சொல்கிறது. பொருள் மாறிவிட்டது, செய்த கைகளும் வேறு. ஆனாலும் இப்போது பள்ளிகொண்டிருப்பவர் வேறொரு பத்மநாபன் என்று எந்தப் பக்தரும் நினைப்பதில்லை.

எந்த ஆதாரத்தில்?

கோயில் வழக்கத்தில் இதற்கு ஒரு செய்முறையே உண்டு. திருப்பணி தொடங்குமுன் பாலாலயம் செய்வார்கள். கலாகர்ஷணம் என்ற சடங்கால் மூர்த்தியின் ஆற்றலைக் கும்பத்து நீரில் இறக்கி, அங்கிருந்து ஒரு மரப்பலகைக்கோ சிறு உருவத்துக்கோ மாற்றி, பூசை நிற்காமல் பார்த்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் அதே வழியில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் குடமுழுக்கு.

இதே கேள்வி இன்று கணினித் திரையிலும் எழுகிறது. ஒரு கோயில் கமிட்டி நன்கொடைக் கணக்கு, அர்ச்சனை ரசீது, கட்டளைதாரர் பட்டியல் எல்லாவற்றையும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கையில் இருப்பது பிஜி_டம்ப் என்ற கருவி இரவுதோறும் எடுத்து வைத்த பேக்கப் கோப்பு ஒன்றுதான். சாதாரண வடிவில் எடுத்திருந்தால் அதைத் திறந்து படிக்கலாம். உள்ளே தரவுத்தளம் இருக்காது. இந்த அட்டவணையை உண்டாக்கு, இந்த வரிகளை நிரப்பு, இந்தக் குறியீட்டைக் கட்டு என்ற கட்டளைகள்தான் வரிசையாக இருக்கும். கறுப்புத் திரையில் புதிய தரவுத்தளம் ஒன்றை உருவாக்கி, அந்தக் கோப்பை பிஎஸ்கியூஎல் கருவிக்குக் கொடுத்தால், வெறுமையிலிருந்து ஒவ்வோர் அட்டவணையாக எழும்பி வரும்.

அப்படி எழும்பி வருவது பழையதுதானா? ரசீது எண்கள் மாறாது, தொகைகளும் மாறாது. ஆனால் வட்டில் ஒவ்வொரு வரியும் உட்காரும் இடம் வேறு. தேடலுக்கான குறியீடுகள் முழுக்கப் புதிதாகக் கட்டப்பட்டவை. யார் யார் உள்ளே நுழையலாம் என்ற பயனர் பட்டியலும் கடவுச்சொற்களும் பிஜி_டம்ப் கோப்பில் இருப்பதே இல்லை. அவற்றைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

இந்தக் கேள்வியைத் தமிழில் மிகக் கூர்மையாகக் கையாண்டது சைவ சித்தாந்தம். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் முதலாவதை இதற்கே ஒதுக்கினார். உலகம் அழிந்து இல்லாமல் போவதில்லை, ஒடுங்குகிறது. ஒடுங்கியதே மீண்டும் தோன்றுகிறது. உள்ளது இல்லாமல் போகாது, இல்லாதது தோன்றாது என்பது சித்தாந்திகளின் சற்காரியவாதம். அதோடு அவர்கள் இன்னும் இரண்டு சொன்னார்கள். ஒடுங்கிக் கிடப்பது சடம், தானாக விரியாது, விரிக்க ஓர் அறிவுடைய கருத்தா வேண்டும். விரிவதும் தனக்காக இல்லை, உயிர்களின் மலம் என்னும் அழுக்கு நீங்குவதற்காக.

ரீஸ்டோர் செய்யும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. பேக்கப் கோப்பு சடம். அது இருக்கிறது என்பதாலேயே எதுவும் மீண்டுவிடாது.

2017 ஜனவரி 31ஆம் தேதி, மென்பொருள் திட்டங்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனத்தில் இது நிரூபணமானது. இரவு நேர நெருக்கடியில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மிஞ்சியபோதுதான் நிறுத்த முடிந்தது. பேக்கப்பைத் தேடினார்கள். கிடங்கு காலி. தரவுத்தளம் 9.6 பதிப்பில் ஓட, பிஜி_டம்ப் 9.2 பதிப்பில் இருந்ததால் அது ஒவ்வொரு முறையும் தோற்று நின்றிருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்தில் பதிவான சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் போயே போய்விட்டன. ஒடுங்காதது எப்படித் தோன்றும்?

பௌத்தர்கள் இந்த இடத்தில் மறுப்பார்கள். எதுவும் ஒரு கணத்துக்கு மேல் நிற்பதில்லை, திரும்பி வருவது அதுவும் இல்லை, வேறும் இல்லை, ஒரு தொடர்ச்சி மட்டுமே என்பது அவர்கள் வாதம். சித்தாந்திகள் இதைக் கடுமையாகச் சாடினாலும், அந்த வாதத்தை இங்கே எளிதில் தள்ளிவிட முடியாது. போஸ்ட்கிரஸின் உள்ளமைப்பே பாதி பௌத்தமாக இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் அது முதலில் ஒரு பதிவேட்டில் எழுதுகிறது. பழைய முழு நகலின்மேல் அந்தப் பதிவுகளை வரிசையாக ஓட்டி, தவறு நடந்ததற்கு ஒரு நிமிடம் முன்புவரை வந்து நிறுத்தலாம். அப்படி நிறுத்தி எழுப்பிய தரவுத்தளத்துக்கு அது புதிய காலக்கோட்டு எண் ஒன்று கொடுக்கிறது. எந்த இடத்தில் பழையதிலிருந்து பிரிந்தது என்பதையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கிறது. அடையாளம் தொடர்கிறது, பிரிந்த இடமும் மறைக்கப்படுவதில்லை.

சோழர் காலக் கற்றச்சர்களும் இதையே செய்தார்கள். கொள்ளிடக் கரையில் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரை இடிக்கும் முன் அதிலிருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவை மீண்டும் கல்லில் ஏறியது மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில். இடையில் பத்து ஆண்டுக்கு மேல் அந்த ஊரின் நிலக்கொடைகளும் விளக்குக் கொடைகளும் ஏட்டில் ஒடுங்கிக் கிடந்தன. சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக்கியபோது மறுபடி வெட்டிய சாசனங்களில், இது பழைய கல்லின் படி என்று வெளிப்படையாகவே பொறித்தார்கள். கொடை செல்லுபடியானது, கல் புதிது என்பதையும் எவரும் ஒளிக்கவில்லை.

ஆகவே, திரும்பி வந்தது அதுதானா என்ற கேள்விக்குக் கல்லையோ வட்டையோ சோதித்துப் பதில் சொல்ல முடியாது. யாருக்காக அது இருந்ததோ, அவர்களுடைய கணக்கும் கடமையும் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடராத பகுதியை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிட்லேப் தன் மீட்புப் பணியை உலகறிய நேரலையில் காட்டி, இழந்ததைக் கணக்கிட்டு அறிவித்தது. பயனர்களுக்கு அந்த நிறுவனம் பட்ட கடன் அது.

கோயில் கமிட்டியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளியிலோ கணினிப் பொறுப்பில் இருப்பவர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்ய வேண்டும். கடைசி பேக்கப் கோப்பை, ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைத் தொடாமல், வேறொரு வெறும் தரவுத்தளத்தில் விரித்துப் பாருங்கள். பிஎஸ்கியூஎல் கருவி இயல்பாகப் பிழைகளைத் தாண்டி ஓடிவிடும். பிழை வந்த இடத்தில் நிற்கும்படி ஸ்கிரிப்ட்டில் முதலிலேயே கட்டளை கொடுங்கள். முடிந்ததும் ஒவ்வோர் அட்டவணையிலும் எத்தனை வரிகள் வந்தன என்று எண்ணி மூலத்தோடு ஒப்பிடுங்கள். தேதியையும், வராமல் போனது எது என்பதையும் எழுதிக் கமிட்டியின் குறிப்பேட்டில் சேருங்கள்.